தரங்கம்பாடிப் பண்டகசாலையும் நம் வீட்டுப் பெட்டகங்களும்

மாத இதழை ஆங்கிலேயர் ‘மேகஸின்’ என்பர். அச்சொல் அவர்களுக்குச் சொந்தமானதன்று. அரபியில் ‘கஸன’ என்னும் வினையடியினின்று பிறந்த ‘மக்ஸன்’ என்னும் சொல், பொருளைச் சேமித்து வைக்கும் இடத்தைக் குறிக்கும். அதன் பன்மை ‘மகாஸின்’. மத்தியதரைக் கடலில் அரபு வணிகரோடு கொள்வினை கொடுப்பினை செய்த இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அச்சொல்லைத் தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்கினர். ஆங்கிலத்தை அடைந்தபோது அது பண்டகசாலையையும் வெடிமருந்துச் சாலையையும் குறித்தது. 1731 ஆம் ஆண்டு இலண்டனில் எட்வர்ட் கேவ் என்பார் தாம் தொடங்கிய மாத இதழுக்கு அப்பெயரைச் சூட்டினார். பல திறத்துச் செய்திகளைச் சேமித்து வைக்கும் கிடங்கு என்பது அவர் கருத்து. ஆகவே, இவ்விதழைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்கள் ஒரு களஞ்சியத்தையே ஏந்தியிருக்கின்றனர் என்று கூறின் அது புகழ்ச்சியன்று, சொற்பொருளே ஆகும்.

நம் தமிழிலும் இத்தகைய பயணங்கள் உண்டு. அதே அரபு வேரினின்று வந்ததுதான் அரசாங்கப் பணம் இருக்கும் ‘கஜானா’. நெல் குவித்த இடத்தை ‘அம்பாரம்’ என்கிறோமே, அது பாரசீகத்து ‘அன்பார்’. ‘கிடங்கு’ என்னும் சொல் மலாய் நாட்டுத் துறைமுகங்களில் ‘குடாங்’ எனத் திரிந்து, ஆங்கில வணிகர் வாயில் ‘கோடவுன்’ ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்று நம் அரிசி மண்டிக்காரர்கள் ‘குடோன்’ என்று சொல்லும்போது ஆங்கிலம் பேசுவதாக எண்ணிக்கொள்கின்றனர்!

சொல்லின் கதையை இத்துணை நீட்டியதற்குக் காரணம் உண்டு. பண்டம் வைத்த பழைய கட்டடங்களை, பண்டம் நீங்கிய பின்னர், கலைகளுக்கும் முன்னோர் நினைவுகளுக்கும் உரிய பொதுமன்றங்களாக மாற்றும் முயற்சி உலகின் பல பாகங்களிலும் நடந்து வருகிறது. நம் காவிரிப் படுகையிலும் அது நடந்திருக்கிறது, நடக்கவும் வேண்டும். மதிலைச் செப்பனிடுவது பொறியாளர் வேலை. வெறுமையான அந்த அறைகளில் எதைக் கொண்டுபோய் வைப்பது என்பது ஊராரின் வேலை. அவ்வேலையில் நம் சமுதாயத்தாருக்கு உரிய பங்கு இன்னும் செலுத்தப்படாமலே இருக்கிறது என்பது என் எண்ணம். தரங்கம்பாடியை வைத்து இதனை ஆராய்வோம்.

தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்டவர் இரகுநாத நாயக்கர். அவர் காலத்தோடு தொடர்புடைய இரண்டு சேமிப்பிடங்கள் இன்றளவும் நிற்கின்றன. ஒன்று, பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோவிலைச் சார்ந்து நிற்கும் நெற்களஞ்சியம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியது. உயரம் 36 அடி. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிலோவில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அதுவும் ஒன்று. மற்றொன்று தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை.

முன்னதில் நெல், பின்னதில் மிளகும் துணியும். முன்னதன் சுவர்களுக்குள் இருந்தது இந்நாட்டு உழவன் விளைத்தது, இந்நாட்டிலேயே உண்ணப்பட்டது. பின்னதன் சுவர்களுக்குள் இருந்தவை கப்பலேறக் காத்திருந்தவை. ஒரே மன்னர் காலத்தவையாயினும் இவ்விரு கட்டடங்களும் நோக்கிய திசைகள் வேறு.

தரங்கம்பாடி டேனிஷ்காரர் உண்டாக்கிய ஊர் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோவிலில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த பாண்டியர் கல்வெட்டொன்று ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்று குறிக்கிறது. அக்கோவிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. வடக்கே பரங்கிப்பேட்டை, தெற்கே காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் எனத் தொடரும் இக்கரையில் மரக்கலம் செலுத்திய தமிழ் முஸ்லிம் வணிகர், டேனிஷ் கப்பல் வருவதற்கு முன்னரே அச்சே, மலாக்கா முதலிய துறைகளை நன்கறிந்திருந்தனர்.

டேனிஷ்காரரின் வருகை ஒரு விபத்தோடு தொடங்கிற்று. ரோலண்ட் கிராப்பே என்பவர் தலைமையில் முன்னதாக வந்த கப்பல் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டது. உயிர் தப்பிய சிலருடன் அவர் நாயக்கர் அவையை அடைந்தார். இலங்கைக்குச் சென்று எண்ணம் ஈடேறாத கடற்படைத் தலைவர் ஓவே கெத்தே பின்னர் இங்கு வந்து சேர, 1620 நவம்பரில் உடன்படிக்கை நிறைவேறியது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் விடுத்த கடிதம் பொன்னேட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது. அவ்வேடு கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது. நம் தமிழ் எழுத்து நானூறு ஆண்டுகளாக அங்கே கவலையின்றி இருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

டான்ஸ்போர்க்கைக் கோட்டை என்று சொன்னாலும் அது பாதி பண்டகசாலையே. கீழ்த்தளத்தில் சரக்கறைகள், வெடிமருந்து அறை, வீரர் தங்குமிடம், சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் வணிகரும் இருந்த அறைகள். ‘கோட்டை’ என்னும் சொல்லுக்கு நம் உழவரிடையே இன்னொரு பொருளும் உண்டு. விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து இறுக்கிக் கட்டும் கட்டுக்கும் கோட்டை என்றே பெயர். பகைவரிடமிருந்து மனிதரைக் காப்பதும் கோட்டை. பூச்சியிடமிருந்து விதையைக் காப்பதும் கோட்டை. இரண்டாவது கோட்டை முதலாவதைக் காட்டிலும் பழமையானது என்றே நான் நினைக்கிறேன்.

சரக்கறைகளில் என்ன இருந்தது? மிளகை நாடி வந்தவர்களாயினும் டேனிஷ்காரர் விரைவில் ஓர் உண்மையை உணர்ந்தனர். கிழக்குத் தீவுகளில் கிராம்பும் மிளகும் வாங்க வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலக் கரையின் துணி நன்கு பயன்படும். எனவே துணியை மக்காஸருக்கு ஏற்றிச் சென்று கிராம்போடு திரும்பினர். அத்துணியை நெய்தவர் யார்? சாயமிட்டவர் யார்? மூட்டை தூக்கியவர் யார்? அலை மோதும் கரையிலிருந்து தோணியில் சரக்கேற்றி ஆழ்கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டு சென்றவர் யார்? அனைவரும் இக்கரையின் மக்களே. நெய்வோரும் மீனவரும் முஸ்லிம் மாலுமிகளும் செட்டிமாரும் இன்றி அச்சரக்கறைகள் ஒரு நாளும் நிரம்பியிரா.

அதன் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகவே கூறிவிடலாம். 1845 ஆம் ஆண்டு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து டேனிஷ்காரர் 12,50,000 ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றனர். 1861 இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்தபின் தரங்கம்பாடித் துறைமுகம் களையிழந்தது. மாயூரத்திலிருந்து 1926 இல் போடப்பட்ட கிளைப்பாதையும் 1980களில் நின்று போயிற்று. கோட்டையோ பொதுப்பணித் துறையாரின் பயணியர் மாளிகையாக 1978 வரை இருந்தது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறை அதனை ஏற்று, 1979 இல் அருங்காட்சியகமாக்கிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கிலுள்ள தரங்கம்பாடி அன்பர் சங்கத்தின் உதவியோடு கோட்டை செப்பனிடப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை ஊரில் பல உயிர்களைக் கொண்டு சென்றது, கோட்டை நின்றது. அதன் பிறகு டேனிஷ் ஆளுநர் மாளிகை புதுப்பிக்கப்பட்டது. பழைய வீடுகள் சிலவற்றை இன்டாக் நிறுவனத்தார் செப்பனிட்டனர். சீகன்பால்கு ஐயர் வாழ்ந்த வீடு 2017 இல் அருங்காட்சியகமாயிற்று.

இவை அனைத்தும் பாராட்டத்தக்க பணிகளே. இடிபாடாகிக் கல்லும் மரமும் களவு போக இருந்தவை காப்பாற்றப்பட்டன. எனினும் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா மாணவர் சிலரை டான்ஸ்போர்க்கிற்கு அழைத்துச் சென்றேன். பீங்கான் கலங்கள், சீனத்துத் தேயிலைச் சாடிகள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு, சுடுமண் பொம்மைகள், திமிங்கில எலும்பு என ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தோம். ஒரு சிறுவன், “அஜ்ரத், இதுல நம்ம ஊரு மக்கள் வச்சிருந்த சாமான் எது?” என்று கேட்டான். உள்ளூர்ப் பொருள்கள் இல்லாமல் இல்லை. விளக்குகளையும் சிற்பங்களையும் சுதை உருவங்களையும் காட்டினேன். அவன் கேட்டது அதுவன்று. அங்கே மூட்டை சுமந்தவனின் பெயர் எங்கே, கணக்கெழுதியவனின் ஏடு எங்கே என்பதே அவன் கேள்வி. அதற்குக் காட்ட அங்கு எதுவும் இல்லை.

அதற்காக அருங்காட்சியகத்தாரைக் குறை கூறுவது முறையன்று. டேனிஷ்காரர் எழுதி வைத்தனர், எழுதியதைச் சேமித்தனர், சேமித்ததைக் கொண்டுவந்து வைத்தனர். நாம் கொண்டுபோய்க் கொடுக்காததை அவர்கள் எப்படி வைப்பார்கள்?

இவ்வூரிலேயே நமக்கு ஒரு சான்று உண்டு. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தம் சமயப் பணிக்காகவே வந்தவர். அதில் நமக்கு உடன்பாடில்லை என்பது வெளிப்படை. 1708 இல் ஆளுநரின் சினத்திற்கு ஆளாகி இந்த டான்ஸ்போர்க்கிலேயே சில மாதங்கள் சிறையிருந்தார். அதே 1708 இல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விரிவான பட்டியலொன்று எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அப்பட்டியலில் சைவ, வைணவ, சமண நூல்களோடு தமிழ் முஸ்லிம்கள் இயற்றிய நூல்களும் இடம்பெற்றன. நம் முன்னோர் என்ன படித்தார்கள் என்பதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட சாட்சியத்தை நாம் ஒரு பாதிரியாரிடமிருந்து பெற வேண்டியிருக்கிறது. அவருக்குச் சுவடி கொடுத்தவர்களும் படி எடுத்துக் கொடுத்தவர்களும் இவ்வூர் மக்கள். அவர்கள் தம் வீட்டில் வைத்துக்கொண்ட படிகள் எங்கே போயின?

இனிப் பிற நாடுகளின் பக்கம் திரும்புவோம். டான்ஸ்போர்க்கைப் போலவே கீழே சரக்கும் மேலே மனிதரும் இருந்த கட்டடங்கள் அரபு நாடுகளில் ஏராளம். ‘ஃபுன்துக்’, ‘கான்’, ‘விகாலா’ என்பன அவற்றின் பெயர்கள். மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்-கூரி 1504–05 ஆம் ஆண்டுகளில் கெய்ரோவில், அல்-அஸ்ஹருக்கு அண்மையில் ஒரு விகாலாவைக் கட்டினார். நடுவே முற்றம், சுற்றிலும் கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் தொழுவங்களும், மேல்தளங்களில் வணிகர் குடியிருக்கும் வாடகை அறைகள். கீழைத் தேயத்து மிளகும் துணியும் செங்கடல் வழியே அத்தகைய இடங்களுக்கே சென்று சேர்ந்தன. வாஸ்கோட காமா 1498 இல் கோழிக்கோட்டை அடைந்தபின் அவ்வழி அடைபடத் தொடங்கியது. அல்-கூரி கப்பற்படையை அனுப்பினார். அது 1508 இல் சௌல் துறையில் வென்றது. 1509 இல் தியூவில் தோற்றது. 1517 இல் மம்லூக் அரசே மறைந்தது. விகாலா மறையவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் எகிப்திய அரசின் பண்பாட்டுத் துறை அதனைக் கலைக்கூடமாக்கியது. கைவினைஞர்களுக்குப் பட்டறைகள் தரப்பட்டன; முற்றத்தில் இசையரங்குகளும், ‘தன்னூரா’ என்னும் பல வண்ணப் பாவாடைச் சுழற்சியும் நிகழ்ந்தன. திக்ரு மஜ்லிஸில் பிறந்த ஒரு வழக்கத்தைப் பயணிகள் கண்டுகளிக்கும் காட்சியாக்குவது என் உள்ளத்திற்கு உவப்பானதன்று, அதை மறைப்பானேன்! ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பண்டம் அடைத்த அறையில், பண்டத்தைச் செய்யும் கைகளையே அவர்கள் குடிவைத்தனர். செம்பைத் தட்டுபவனும் மரம் கடைபவனும் அங்கு உயிரோடு இருந்தனர். கண்ணாடிப் பெட்டிக்குள் அல்லர்.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ளது இலங்கையின் காலிக் கோட்டை. அங்கே பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய நீண்ட பண்டகசாலை 1992 இல் கடல்சார் அருங்காட்சியகமாக்கப்பட்டது. ஆழிப்பேரலை அதையும் தாக்கிற்று; 2010 இல் மீண்டும் திறந்தனர். காலிக் கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கலங்கரை விளக்கத்திற்கெதிரே வெண்மையான பள்ளிவாசல் நிமிர்ந்து நிற்கிறது. 1988 இல் அக்கோட்டை உலக மரபுச் சின்னமென அறிவிக்கப்பட்ட பிறகு, வீட்டு விலைகள் ஏறின. பழைய குடும்பங்கள் பல தம் வீடுகளை வெளிநாட்டாருக்கு விற்று, கோட்டைக்கு வெளியே போயின. கட்டடம் காக்கப்பட்டது, அதில் கதை சொல்ல வேண்டியவர் வெளியேறினர். தரங்கம்பாடியில் தெருவிற்கு இரண்டு வீடுகள் விடுதிகளாகத் தொடங்கினால் அங்கும் அதே நிலை வராது என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. கொச்சியில் 2012 முதல் நடைபெறும் கலைப் பெருவிழாவிற்கு ஆஸ்பின்வால் மாளிகை, பெப்பர் ஹவுஸ் முதலிய பழைய மிளகுக் கிடங்குகள் திறந்துவிடப்பட்டன. அங்கும் விழா முடிந்தபின் மட்டாஞ்சேரிச் சுமைதொழிலாளிக்கு அதில் என்ன மிஞ்சியது என்று கேட்பவர்கள் உண்டு.

இங்கிலாந்திலும் ஒரு சான்று. ஸ்னேப் என்னும் சிற்றூரில் பார்லியை முளைகட்டிச் சேமித்த பெருங்கட்டடத்தை இசைமேதை பெஞ்சமின் பிரிட்டன் 1967 இல் இசையரங்காக்கினார். 1969 இல் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டே கட்டி முடித்தனர். மதுவுக்காகப் பார்லியைப் பக்குவப்படுத்திய இடம் அது வேறு தொழிலுக்கு வந்ததில் நமக்கு வருத்தமில்லை!

களஞ்சியங்களைப் பற்றிப் பேசும்போது பாட்னாவின் கோல்கரை மறத்தலாகாது. வங்கத்தில் 1770 இல் வந்த பெரும் பஞ்சத்திற்குப் பின், இனியொரு பஞ்சம் வாராதிருக்க ஆங்கிலேயர் 1786 இல் கட்டிய குவிமாடக் களஞ்சியம் அது. வெளிப்புறத்தே சுழன்றேறும் 145 படிகள். உச்சித் துளை வழியே தானியத்தைக் கொட்ட வேண்டும். ஒரு முறையும் அது முழுமையாக நிரப்பப்பட்டதில்லை. உள்ளே நின்று குரல் கொடுத்தால் எதிரொலி பன்முறை திரும்பும். நிரம்பாத களஞ்சியத்தில் எதிரொலி மட்டும் பெரிதாகக் கேட்கும் போலும். யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் வருவது இதற்கு நேர்மாறானது. ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு விட்டுச் சேமிக்குமாறு அவர்கள் யோசனை கூறினார்கள்; பிறகே நாட்டின் களஞ்சியங்களின் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள். எதை, எப்படி, எத்தனை காலத்துக்கு வைப்பது என்ற தெளிவு முன்னே வந்தது. கட்டடம் பின்னே வந்தது.

இங்கே நம் வாசகர்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். ஒன்றுக்கென ஏற்பட்ட இடத்தை வேறொன்றுக்கு ஆக்கலாமா? அரசாங்கக் கோட்டையைப் பற்றி இக்கேள்விக்கு இடமில்லை. ஆனால், பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ வக்ஃபு செய்யப்பட்ட பழைய கிடங்குகளும் நெல்லறைகளும் நம் ஊர்களில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வக்ஃபுப் பொருளை விற்பதற்கும் மாற்றுவதற்கும் தடை மிகக் கடுமையானது. ஹனஃபி மத்ஹபில் நிபந்தனைகளுக்குட்பட்டு, காழியின் அனுமதியோடு, ‘இஸ்திப்தால்’ என்னும் மாற்றீட்டிற்கு வழி உண்டு. நம் கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈகள். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். எனவே ஒரே வட்டத்தில் இரண்டு நிலையும் இருக்கும். விற்காமல், சுவரை இடிக்காமல், வருவாயை வக்ஃபின் நோக்கத்திற்கே செலுத்தி, உள்ளே ஒரு நூலறை அமைப்பது எந்த வரம்பில் அடங்கும் என்பதை அந்தந்த ஊர் ஆலிம்கள் வக்ஃபுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய வேண்டும். பத்திரத்தைப் பாராமல் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கமாகி வருவது வருந்தத்தக்கது.

கட்டட வேலையைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஆர்வம் மிகுந்தவர்கள் இதில்தான் பெருந்தீங்கு செய்துவிடுகின்றனர். பழைய சுண்ணச்சாந்துச் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்பு பூத்து, செங்கல்லைத் தூளாக்கிவிடும். உப்புக் காற்று அடிக்கும் தரங்கம்பாடியில் இது இன்னும் விரைவாக நடக்கும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசிய கொத்தர் பரம்பரை இன்னும் அற்றுப்போகவில்லை. அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். நெல்லுக்காகக் கட்டிய அறையில் சாளரம் குறைவு; நெல்லுக்கு அது நன்று. ஐம்பது பேர் அமர்ந்து கேட்கும் அவைக்கு அது கேடு. வாசல் ஒன்றே இருப்பின் தீ முதலிய ஆபத்தில் வெளியேறுவது எவ்வாறு? பெண்களும் முதியோரும் வந்து போகும் வசதி என்ன? இவற்றையெல்லாம் முதலில் தீர்க்காமல் வர்ணம் அடிப்பது, மையித்திற்கு அத்தர் பூசுவதை ஒக்கும்.

இனி நம் பங்கிற்கு வருவோம். தரங்கம்பாடி, பொறையாறு, காரைக்கால், நாகூர் முதலிய ஊர்களில் பழைய வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டகம் இருந்தது. அதில் நகையைக் காட்டிலும் காகிதமே அதிகம். அரபுத் தமிழில் எழுதிய மார்க்க நூல்கள், கிஸ்ஸாக்கள், மசலாக்கள், முனாஜாத்துகள், இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சைகோனிலிருந்தும் வந்த கடிதங்கள், கடைக் கணக்குகள், கப்பல் சீட்டுகள். பள்ளிவாசல்களில் நிக்காஹ் தப்தர்கள். ஓர் ஊரில் எனக்குத் தெரிந்த இல்லமொன்றில், பாட்டனார் இறந்தபின் வீட்டைப் பங்கிட்ட பிள்ளைகள் பெட்டகத்து மரத்திற்காகச் சண்டையிட்டார்கள். உள்ளேயிருந்த ஏடுகளைச் சாக்கில் கட்டிப் பழைய தாள் வியாபாரிக்குப் போட்டார்கள். அரபு எழுத்தாயிற்றே என்று தயங்கிய ஒரு மூதாட்டி நாலைந்து நூல்களை மட்டும் எடுத்து என்னிடம் அனுப்பினார். அவற்றுள் ஒன்று, தாய்மார் தம் பெண்மக்களுக்கு ஓதிக் கொடுத்த வினாவிடை. படியெடுத்தவர் ஒரு பெண்மணி என்று கடைசி ஏட்டில் குறிப்பு இருந்தது. சாக்கில் போனவை எத்தனை என்பதை இனி அறிவதற்கில்லை.

இரகுநாத நாயக்கரின் பொன்னேடு பொன்னாயிருந்ததால் மட்டும் பிழைக்கவில்லை. அதை வைக்க ஓர் இடமும், வைத்ததைக் கணக்கெடுக்க ஓர் ஆளும் இருந்தமையால் பிழைத்தது. நம்மிடம் இடம் இருக்கிறது. வாணிபம் நொடித்த குடும்பங்களின் பூட்டிய கிடங்குகள், ஓடாத அரிசி ஆலைகள், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு சென்றுவிட்ட பெரிய வீடுகள் எல்லாம் படுகை முழுதும் கிடக்கின்றன. ஆனால், ‘முஸ்லிம்களுக்கென்று தனிக் காட்சிக்கூடம்’ என்று கேட்பதை நான் விரும்பவில்லை. களஞ்சியத்தில் இன்னார் நெல், இன்னார் நெல் என்று சுவரெழுப்பி வைப்பதில்லை. மதிலுக்குள்ளே தேவாலயங்களும் கோவிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நின்ற ஊர் தரங்கம்பாடி. மீனவர் தோணியும் நெசவாளர் தறியும் மரைக்காயர் கணக்கேடும் ஓரிடத்தில் இருந்தால்தான், அச்சிறுவனின் கேள்விக்கு முழு விடை கிடைக்கும். டான்ஸ்போர்க்கின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஊர்மக்கள் நினைவுக்கென ஒதுக்குமாறு ஊராரனைவரும் சேர்ந்து தொல்லியல் துறையாரிடம் விண்ணப்பிக்கலாம். மரபு உரிமையாளர் தம் பொருளை இழக்காமல், இரவலாகக் கொடுத்து, படியெடுத்துக்கொள்ளச் செய்யலாம். திருப்பாலைத்துறைக் களஞ்சியத்தின் நிழலிலும் ஆண்டுக்கொரு முறை அறுவடைக் காலத்தில் மரக்கால், படி, குதிர், பத்தாயம் முதலியவற்றை வைத்து, அளந்தவர்களைக் கொண்டே விளக்கம் சொல்லச் செய்தால், பள்ளிப் பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

அறை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ரமலானுக்கு முன் ஒவ்வோர் இல்லத்தாரும் தம் பெட்டகத்தைத் திறந்து ஒரு பட்டியல் எழுதட்டும். நூலின் பெயர் தெரியாவிடில் முதல் ஏட்டின் முதல் வரியை எழுதினால் போதும். படியெடுத்தவர் பெயர், ஹிஜ்ரி ஆண்டு, ஊர் ஆகியவை பெரும்பாலும் இறுதி ஏட்டில் இருக்கும். அச்சு நூலாயின் அச்சகத்தின் பெயரையும் குறித்துக்கொள்க. கடிதமாயின் யார் யாருக்கு எழுதியது, எந்தத் துறைமுகத்திலிருந்து எழுதியது என்பவற்றையும், அவ்வீட்டில் மூத்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பட்டியலில் ஒரு படியை ஊர்ப் பள்ளிவாசலில் தப்தரோடு வைக்கலாம். ஏடுகளைத் துடைக்க மெல்லிய துணியைப் பயன்படுத்துக. ஈரம் பட்டிருந்தால் அவசரப்பட்டு வெயிலில் விரிக்க வேண்டாம்; மை மங்கும், தாள் நொறுங்கும். நிழலில் காற்றாடப் பரப்பிவைத்து, உலர்ந்தபின் வேப்பிலையோ நொச்சியிலையோ சேர்த்துப் பருத்தித் துணியில் பொதிந்து வைக்கவும்.